நீலகிரித் தோடரும் அவர்தம் பால்மனைகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. கீரிமலையும் பெயரளவிலேயே மலை. ஆங்குள்ளவை சுண்ணக்கற் கரையும் கடலருகே ஊறும் நன்னீர்க் கேணியுமே. ஆதலின் மலைவாழ் குடிகள் என்றதும் ஆபிரிக்க மலைகளையோ இமயத்தையோ எண்ணுதல் இங்குள்ளோர் இயல்பு. எனினும் தமிழுக்கு உறவான தென்திராவிட மொழி ஒன்றைப் பேசும் தொன்மையான மலைக்குடி தமிழகத்து நீலகிரியிலேயே வாழ்கின்றது. தோடர் என்றும் தொதவர் என்றும் வழங்கப்பெறும் அவர்கள், ஏறத்தாழ 2,000 மீற்றர் உயரத்துப் புல்வெளிகளில் எருமை மேய்த்து வாழ்ந்தவர்கள்.

தோடர் வாழ்விடம் மந்து எனப்படும். அரைப்பீப்பாய் வடிவில் மூங்கிலும் பிரம்பும் வளைத்துப் புல்வேய்ந்த சில குடில்களே ஒரு மந்து. குனிந்து தவழ்ந்தே உள்ளே செல்லுமளவுக்கு வாயில் சிறியது. குடில்களுக்குச் சற்று விலகி, பெரும்பாலும் அதே வடிவிற் பால்மனை நிற்கும். அதுவே தோடரின் கோயில். விக்கிரகமோ அருச்சனையோ அங்கில்லை. புனித எருமைகளின் பாலைக் கறந்து, கடைந்து, நெய்யாக்குதலே வழிபாடு. அப்பணியைச் செய்வோன் நோன்பு காக்கும் ஆடவன். பெண்டிர் பால்மனையுட் புகுதல் இல்லை. பால்மனைக்குரிய நீரும் வீட்டுக்குரிய நீரும் வெவ்வேறிடத்தில் முகக்கப்படும். ஆடி அமாவாசையன்று கீரிமலைத் தீர்த்தத்தில் பிதிர்க்கடன் ஆற்றுவோர்க்கு நீரின் தூய்மை பற்றிய இவ்வுணர்வு புதிதன்று.

சமூக அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. தார்தரோல், தெய்வாலியோல் என இரு பெரும் பிரிவினர் தோடருள் உளர். ஒரு பிரிவினர் மற்றதில் மணம் கொள்ளார். மிக உயர்ந்த பால்மனைகள் தார்தரோலுக்கு உரியன. அவற்றின் பூசகரோ தெய்வாலியோலிலிருந்தே வருதல் வேண்டும். உடைமை ஒருவர்பாலும் ஊழியம் மற்றவர்பாலும் இருந்தமையால் ஒருவரின்றி மற்றவர் இயங்குதல் அரிதாயிற்று. அண்டை மலைக்குடிகளோடும் இத்தகைய பிணைப்பே நிலவியது. கோத்தர் மட்கலமும் இரும்புக் கருவியும் தந்தனர். படகர் தானியம் தந்தனர். தோடர் நெய் தந்தனர். இவர்களை உலகறியாத தனித்த குடி என்றெழுதியோர் இப்பண்டமாற்றைக் கருதினாரல்லர்.

சகோதரர் பலர் ஒருத்தியை மணக்கும் வழக்கம் பற்றியே அந்நியர் பெரிதும் எழுதினர். அதனினும் ஆய்வுக்குரியது வில் கொடுக்கும் சடங்கு: கருவுற்ற ஏழாம் மாதத்தில் வில்லும் அம்பும் அளிப்பவனே பிறக்கும் மகவுக்குத் தந்தையாவான். தந்தைமை பிறப்பாலன்றிச் சடங்கால் நிறுவப்பட்டது.

1603 இல் மலையாளக் கரையிலிருந்து இயேசுசபைக் குரு பெனிசியோ இம்மலையேறினார். ஆயினும் மாற்றம் வந்தது 1819 இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜோன் சலிவன் மேலேறிய பின்னரே. தோடரின் மேய்ச்சல் நிலத்தில் உதகமண்டலம் எழுந்தது. தோடர்க்கு நிலவுரிமை உண்டெனச் சலிவனே வாதாடினார். சென்னை ஆளுநர் லஷிங்ரன் அதனை ஏற்றிலர். 1906 இல் றிவேர்ஸ் தம் பெருநூலை வெளியிட்ட காலத்தில் தோடர் தொகை எண்ணூறளவே. நோயும் பிறவும் அதனை மேலும் குறைக்க, அழியும் இனம் என்ற பெயர் அவர்க்கு நிலைத்தது. அவ்வாரூடம் பொய்த்தது. 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் மருத்துவம் எட்டியதும் தொகை பெருகி, 2011 இற் சுமார் 2,000 ஆயிற்று. 1930களில் எமனோ திரட்டிய பாடல்கள் 1971 இல் நூலாயின. வெண்டுணியில் செந்நூலாலும் கருநூலாலும், வரைபடமின்றி இழையெண்ணிப் பெண்டிர் செய்யும் பூத்தையல் 2013 இற் புவிசார் குறியீடு பெற்றது.

மக்கள் மீண்டனர்; புல்வெளி மீளவில்லை. தைலமரமும் சீகை மரமும் மேய்ச்சலிடங்களை மூடின, எருமைகள் அருகின. ஈழத்தில் கிடுகு வேய்வோர்க்குத் தென்னந்தோப்பு அருகிலிருப்பதுபோல் தோடர்க்குச் சதுப்புப் புல் முன்னர் அண்மையிற் கிடைத்தது. இன்று பால்மனைக் கூரையைப் புதுக்கவேண்டின், அப்புல்லைத் தேடி எஞ்சிய தொலைச் சதுப்புகளுக்கு ஆடவர் நடக்கின்றனர்.