கிசால்லோ குன்றின் காணிக்கைகள்

வடக்கு இத்தாலியின் கோமோ ஏரி தெற்கே வரும்போது இரண்டு கிளைகளாகப் பிரிகிறது. பிரியும் முனையில் இருக்கிறது பெல்லாஜியோ என்ற சிற்றூர். அதற்குத் தெற்கே, இரு கிளைகளுக்கும் நடுவில் எழும் மலைநாட்டை லாரியோ முக்கோணம் என்பார்கள். ஆல்ப்ஸின் பனிச்சிகரங்கள் இன்னும் வடக்கே இருக்கின்றன. இங்கே இருப்பவை அவற்றுக்கு முன்னால் நிற்கும் தணிந்த மலைகள்தாம். ஆனால் சைக்கிள் பந்தய உலகில் இந்த முன்மலைகளுக்கு இருக்கும் மரியாதை பல பெரிய சிகரங்களுக்கு இல்லை.

பெல்லாஜியோவிலிருந்து ஏறும் சாலை, ஏரி மட்டமான சுமார் 200 மீட்டரில் தொடங்கி, மக்ரெலியோ கிராமத்தை ஒட்டிய உச்சியில் 754 மீட்டரைத் தொடுகிறது. முதல் நான்கு கிலோமீட்டர் மூச்சு வாங்கவைக்கும் ஏற்றம். அடுத்துக் கொஞ்ச தூரம் சாலை சமமாகிச் சற்றே இறங்கவும் செய்கிறது. கால்கள் இளகி, இனிக் கஷ்டமில்லை என்று தோன்றும் நேரத்தில் கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர் மறுபடி நெட்டுக்குத்தாக எழும்பும். பல பந்தயங்களின் தலையெழுத்தை மாற்றியது அந்தக் கடைசித் துண்டுதான். அது முடியும் இடத்தில் ஒரு சிறு கோயில் நிற்கிறது. அதன் பெயர் மடோன்னா தெல் கிசால்லோ.

கோயிலின் கதை சைக்கிளை விடப் பல நூற்றாண்டு பழையது. கிசால்லோ என்ற பிரபு இந்த வழியாகப் போகையில் கொள்ளையரிடம் சிக்கினாராம். சாலையோர மாடத்தில் மாதாவின் படத்தைக் கண்டு, அங்கே ஓடி அடைக்கலம் புகுந்து உயிர் தப்பினாராம். அந்த நன்றியில் தொடங்கிய வழிபாடு என்கிறது ஊர்க்கதை. இன்றிருக்கும் கட்டடம் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அன்று முதல் மலைப்பாதையில் போகிறவர் வருகிறவர் அனைவருக்கும் காவல் இந்த மாதாதான். மூட்டை சுமந்தவர்களும் கழுதை ஓட்டியவர்களும் கும்பிட்டுப் போன இடத்துக்குச் சைக்கிள்காரர்கள் கடைசியாக வந்து சேர்ந்தார்கள்.

அவர்களை அழைத்து வந்தது ஒரு பத்திரிகை. மிலானிலிருந்து இளஞ்சிவப்புத் தாளில் அச்சாகும் ‘லா கசெத்தா தெல்லோ ஸ்போர்ட்’ இதழில் துல்லோ மோர்கான்யி என்ற பத்திரிகையாளர் இருந்தார். ஆண்டின் கடைசியில், இலையுதிர் காலத்தில் ஒரு பெரிய பந்தயம் நடத்தலாம் என்பது அவர் யோசனை. 1905 நவம்பர் 12 அன்று மிலானில் தொடங்கி மிலானிலேயே முடிந்த அந்தப் பந்தயம்தான் பிறகு ‘ஜிரோ தி லொம்பார்தியா’ ஆயிற்று. முதல் ஆண்டு வென்றவர் ‘சிவப்புப் பிசாசு’ என்று பெயரெடுத்த ஜியோவான்னி ஜெர்பி. அடுத்து வந்தவர்களுக்கும் அவருக்கும் இடைவெளி 40 நிமிடம்!

அந்த அடுத்து வந்தவர்களில் ஒருவர் லூயிஜி கான்னா. பக்கத்து வரேசே மலைப்பகுதியைச் சேர்ந்த கொத்தனார். சைக்கிளிலேயே மிலானுக்குப் போய் வேலை பார்த்துவிட்டு, சைக்கிளிலேயே ஊர் திரும்பியவர். இத்தாலியைச் சுற்றிப் பல நாள் நடக்கும் ஜிரோ தி இத்தாலியா பந்தயத்தை 1909-இல் முதன்முதலில் வென்றவரும் அவர்தான். பின்னாளில் தன் பெயரிலேயே சைக்கிள் தயாரிக்கவும் செய்தார். இந்த மலைநாட்டில் பந்தயம் வேரூன்றியதற்குக் காரணம் தேடுகிறவர்கள் கான்னாவின் வாழ்க்கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இங்கே சைக்கிள் பிழைப்போடு ஒட்டியிருந்த வண்டி. அதை ஓட்டி வென்றவனை ஊர் தன் வீட்டுப் பிள்ளையாகவே பார்த்தது.

கிசால்லோ ஏற்றம் பந்தயத்துக்குள் வந்தது 1919-இல். அந்த ஆண்டு வென்றவர் கொஸ்தாந்தே ஜிரார்தெங்கோ. அடுத்த பத்தாண்டை ஆண்டவர் கோமோவுக்கு மேற்கே சித்திலியோ கிராமத்தில் பிறந்த அல்ஃப்ரெதோ பிந்தா. நான்கு முறை லொம்பார்தியாவை வென்ற பிந்தாவுக்கு 1930-இல் நடந்தது விளையாட்டு வரலாற்றிலேயே அபூர்வம். அவர் வந்தால் போட்டியே இருக்காது என்று அஞ்சிய ஜிரோ தி இத்தாலியா அமைப்பாளர்கள், கலந்துகொள்ளாமல் இருப்பதற்காக அவருக்கு 22,500 லீரா கொடுத்தார்கள்.

அந்தக் கால வீரர்கள் இந்த மலைகளை எதை வைத்துக்கொண்டு ஏறினார்கள் என்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும். இன்றைய கியர் கிடையாது. பின்சக்கரத்தின் இரு பக்கமும் வெவ்வேறு அளவில் பல்சக்கரம் இருக்கும். ஏற்றம் வந்ததும் வண்டியை நிறுத்தி இறங்கி, அச்சின் இரு முனையிலும் உள்ள காதுவைத்த நட்டுகளைக் கையால் திருகித் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, செயினை மாட்டி, மறுபடி முறுக்கிவிட்டு ஏற வேண்டும். உச்சிக்கு வந்ததும் இறக்கத்துக்காக அதே வேலை இன்னொரு முறை. எந்த இடத்தில் நிறுத்துவது என்ற கணக்கிலேயே வெற்றி தோல்வி இருந்தது. சேறு அப்பிய சாலையில், குளிரில் விறைத்த விரல்களால் இதைச் செய்தார்கள்.

வெனெத்தோ பகுதியின் குரோச்சே தாவுனே கணவாயில் 1927-இல் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் இந்தத் தொழிலையே மாற்றியது. துல்லியோ கம்பன்யோலோ என்ற விசென்சா நகர வீரர், பனியில் உறைந்த நட்டைத் திருக முடியாமல் பந்தயத்தைப் பறிகொடுத்தார் என்பது கதை. சம்பவம் அப்படியே நடந்ததா என்று ஐயப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் நட்டுக்குப் பதில் ஒரு சிறு நெம்புகோலைத் திருப்பிச் சக்கரத்தைக் கழற்றும் அமைப்பைக் கொண்டுவந்தவர் அவர்தான். 1933-இல் விசென்சாவில் அவர் தொடங்கிய நிறுவனம் உலகெங்கும் பந்தயக்காரர் மதிக்கும் பெயராயிற்று. 1938-இல் லொம்பார்தியாவை வென்ற சீனோ சினெல்லியும் பின்னர் ஹேண்டில்பார் செய்யும் தொழிலில் இறங்கினார். கஷ்டப்பட்டு மலை ஏறியவனுக்குத்தான் எந்தப் பாகத்தில் குறை என்று தெரியும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இத்தாலி இடிந்து கிடந்தது. ஜீனோ பர்தாலி, ஃபௌஸ்தோ கொப்பி என்ற இரண்டு சைக்கிள் வீரர்களின் பெயர்களைச் சொல்லிக் காப்பிக்கடைகளிலும் குடும்பங்களிலும் மக்கள் இரு கட்சியாக வாதாடிய காலம் அது. மக்ரெலியோ பங்குத்தந்தை எர்மெலிந்தோ விகனோ தன் கோயில் வாசலில் மூச்சிரைக்க வந்து நிற்கும் சைக்கிள்காரர்களைப் பார்த்துப் பார்த்து, இந்த மாதாவையே அவர்களுக்குப் பாதுகாவலியாக அறிவிக்க வேண்டும் என்று முயன்றார். 1948-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் ஆசீர்வதித்த தீப்பந்தம் சைக்கிள் வீரர்களின் கைமாறிக் கைமாறி இங்கு வந்து சேர்ந்தது. அதை ஏந்தியவர்களில் பர்தாலியும் கொப்பியும் இருந்தார்கள். மறு ஆண்டு, 1949 அக்டோபர் 13 அன்று, அறிவிப்பு வந்தது.

அதன்பின் காணிக்கைகள் குவியத் தொடங்கின. கோயிலுக்குள் நுழைகிறவர் அண்ணாந்து பார்த்தால், சுவரில் உயரத்தில் சைக்கிள்கள் வரிசையாகத் தொங்குகின்றன. கொப்பி ஓட்டியது, பர்தாலி ஓட்டியது, பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் ஓட்டியது. கண்ணாடிச் சட்டங்களுக்குள், ஜிரோ தி இத்தாலியாவில் முன்னணியில் இருப்பவர் அணியும் இளஞ்சிவப்புச் சட்டைகள்.

அவற்றின் நடுவே நெளிந்துபோன ஒரு சைக்கிள் இருக்கிறது. கோமோவில் பிறந்த ஃபாபியோ கசர்தெல்லியின் வண்டி. 1992 பார்சிலோனா ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் தங்கம் வென்றவர். 1995 ஜூலை 18 அன்று, தூர் தெ பிரான்ஸில், பிரனீஸ் மலையின் போர்தே தாஸ்பே இறக்கத்தில் விழுந்தார். தலை சாலையோரக் கல்லில் மோதியது. ஹெல்மெட் இல்லை. அப்போது அது கட்டாயமும் இல்லை. தொழில்முறைப் பந்தயங்களில் கட்டாயமானது 2003-இல்தான். உயிரிழந்தபோது அவருக்கு வயது 24. வென்றவர்களின் வண்டிகளுக்கு நடுவில், அதே மரியாதையோடு இந்த வண்டியையும் வைத்ததில்தான் இந்தக் கோயிலின் பெருமையே இருக்கிறது. வாசலுக்கு வெளியே 1973-இல் நிறுவிய வெண்கலச் சிலையும் இதே எண்ணத்தில் எழுந்தது: ஒரு வீரன் கை உயர்த்தி வெல்கிறான், இன்னொருவன் தரையில் கிடக்கிறான்.

இந்த மரபை அருங்காட்சியகமாக வளர்த்தவர் ஃபியோரென்சோ மன்யி. 1956 ஜிரோ தி இத்தாலியாவில் காறை எலும்பு முறிந்தும் விலகாமல், ஹேண்டில்பாரில் கட்டிய ரப்பர் டியூபைப் பல்லால் கடித்து இழுத்தபடி ஏற்றம் ஏறி, முடிவில் இரண்டாமிடம் பிடித்தவர். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில், லொம்பார்தியா பந்தயத்தில் கொப்பி முன்னால் போய்விட்டார். பின்னால் வந்த மன்யியைக் காரில் கடந்த கொப்பியின் துணைவி ஜூலியா ஒக்கீனி ஏதோ ஏளனமாகச் சொல்லிவிட்டுப் போக, மன்யி வெறிகொண்டு துரத்தினார். மிலானை நெருங்கும்போது பிடித்தும் விட்டார். விகொரெல்லி மைதானத்தில் நடந்த கடைசி ஓட்டத்தில் பிரான்சின் அந்த்ரே தாரிகாத் வென்றார், 37 வயதுக் கொப்பி மயிரிழையில் இரண்டாவது, மன்யி மூன்றாவது. கொப்பி அங்கேயே அழுதார். ஆறாவது லொம்பார்தியா வெற்றி அவருக்குக் கிடைக்கவே இல்லை. அந்த மன்யிதான் முதுமையில், கோயிலில் இடமில்லாமல் சேர்ந்துகிடந்த காணிக்கைகளுக்காக அலைந்து, 2006-இல் அருகிலேயே அருங்காட்சியகம் திறக்கவைத்தார். அங்கே கொப்பியின் நினைவுக்கும் குறையில்லாத இடம் கொடுத்தவர் அவர்.

குன்றுக்குப் பின்னால் இன்னொரு ஏற்றம் இருக்கிறது. ‘சொர்மானோ சுவர்’ என்பார்கள். இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு, ஆனால் சில இடங்களில் சாய்வு 25 சதவீதத்தைத் தாண்டும். கிசால்லோவின் கடுமை போதவில்லை என்று நினைத்த அமைப்பாளர் வின்சென்சோ தொரியானி 1960-இல் இதைப் பந்தயத்தில் சேர்த்தார். பெரும்பாலான வீரர்கள் இறங்கித் தள்ளினார்கள், அல்லது ரசிகர்கள் முதுகைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். மூன்றே ஆண்டுகளில், 1962-க்குப் பிறகு, கைவிட்டார்கள். புல்லும் புதரும் மண்டிக் கிடந்த அந்தப் பாதையை இந்த நூற்றாண்டில் செப்பனிட்டு, மோட்டார் வண்டிகள் வராமல் சைக்கிளுக்காகவே விட்டார்கள். ஏறுகிறவர் கண்ணில் படும்படி, ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஓர் எண் தரையில் எழுதியிருக்கிறது. 1962-இல் எர்கோலே பல்தீனி ஏறிய நேரமும் அங்கே உண்டு: 9 நிமிடம் 24 விநாடி. 2012-இல் பந்தயம் மறுபடி இதன் வழியே போனது. 2020-இல் சொர்மானோவின் இறக்கத்தில் பெல்ஜிய இளைஞர் ரெம்கோ எவென்புல் பாலச்சுவரில் மோதிப் பள்ளத்துக்குள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். பிழைத்து வந்து பின்னாளில் உலகப் பட்டமும் ஒலிம்பிக் தங்கமும் வென்றார்.

லொம்பார்தியாவில் ஐந்து வெற்றி என்ற கொப்பியின் கணக்கை அரை நூற்றாண்டுக்கும் மேலாக யாரும் எட்டவில்லை. 2021 முதல் 2025 வரை இடைவிடாமல் ஐந்து முறை வென்று, ஸ்லோவேனியாவின் ததெய் பொகாச்சார் அதைத் தொட்டிருக்கிறார்.