பெண்டுலம் சுற்றிய கதை

செம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஊரிலிருந்து கொண்டுவந்த பெண்டுலம் கடிகாரம் ஒன்று இருந்தது. ஒருநாள் சாயங்காலம் அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டேய், இது நேரா ஆடலை. முட்டை வடிவத்துல சுத்துதுடா" என்றார். நாங்கள் சிரித்தோம். "வயசாயிடுச்சு" என்றாள் அம்மா. சில நாளில் சாலையைக் கடக்கையில், தூரத்தில்தான் வருகிறது என்று அவர் நினைத்த ஸ்கூட்டர் உரசிக்கொண்டு போனது. டாக்டரிடம் போனபோதுதான் இடது கண்ணில் மட்டும் புரை முற்றியிருப்பது தெரிந்தது.

அப்பா சொன்னது பிதற்றல் அல்ல என்பது, பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்தைப் புரட்டியபோதுதான் எனக்கு விளங்கியது.

நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட கோணங்களில் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டிலிருந்துதான் மூளை ஆழத்தை அறிகிறது என்பதை 1838இல் லண்டனில் சார்லஸ் வீட்ஸ்டன் காட்டினார். இரண்டு தட்டையான கோட்டுப் படங்களைக் கண்ணாடிகளின் உதவியால் கண்ணுக்கு ஒன்றாகக் காட்டினார். அவை இணைந்து திரண்ட உருவமாகத் தெரிந்தன.

அசையும் பொருள் என்றால்? அங்கேதான் நம் பெண்டுலம் வருகிறது. 1922இல் ஜெர்மனியின் ஜெனா நகரில், ஸைஸ் நிறுவனத்தின் விஞ்ஞானி கார்ல் புல்ஃப்ரிக் ஒரு விந்தையை விளக்கி எழுதினார். இடமும் வலமுமாக ஆடும் ஊசலை, ஒரு கண்ணுக்கு முன் மட்டும் கறுப்புக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், அது முன்னும் பின்னுமாகச் சுற்றுவதுபோல் தோன்றும். மங்கலான வெளிச்சம் பெறும் கண்ணின் செய்தி மூளைக்குச் சில மில்லி விநாடிகள் தாமதமாகப் போகிறது. ஒரு கண் 'இங்கே' என்கையில், மற்றது சற்று முந்தைய இடத்தைச் சொல்கிறது. இந்த இட வேறுபாட்டை மூளை ஆழம் என்று எடுத்துக்கொள்கிறது. இந்த விளக்கத்தைத் தந்தவர் புல்ஃப்ரிக்கின் சகா ஃபெர்ட்ஷ். புல்ஃப்ரிக்குக்கோ ஒரு கண்ணில் பார்வை இல்லை. தம் பெயரைத் தாங்கிய அந்த விந்தையை அவரால் பார்க்கவே முடியவில்லை!

நூலில் சாவிக்கொத்தைக் கட்டி ஆடவிட்டு, கூலிங் கிளாஸின் ஒரு பக்கத்தால் ஒரு கண்ணை மட்டும் மறைத்து நீங்களும் பார்க்கலாம். இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும். அப்பாவின் புரைதான் அவருக்குக் கறுப்புக் கண்ணாடி.

ஒற்றைக் கண்ணுக்கும் ஒரு வழி உண்டு. நெருங்கி வரும் பொருளின் பிம்பம் விழித்திரையில் விரிந்துகொண்டே போகும். 1896 ஜூலை 7இல் நம் பம்பாய் வாட்சன் ஹோட்டலில் லூமியேர் படங்களைக் காட்டியபோது, தட்டையான திரையில் ரயில் 'வந்தது' இப்படித்தான்.

இந்த அசைவறிவையே மூளை இழந்தால்? 1983இல் ஜெர்மானிய மருத்துவர்கள் அப்படி ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். கோப்பையில் ஊற்றும் தேநீர் அவருக்கு உறைந்து நிற்பதாகத் தெரிந்தது. தூரத்தில் கண்ட கார் திடீரென்று பக்கத்தில் நின்றது. பார்வை போகவில்லை, அசைவு மட்டும் போய்விட்டது.

ஆபரேஷன் முடிந்து வந்த அப்பா, கடிகாரத்தின் முன் உட்கார்ந்து, "இப்ப நேரா ஆடுது" என்றார். அன்றைக்கும் சிரித்தோம். இதையெல்லாம் நான் படித்தபோது அவர் இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர் இப்படி ஏதாவது சொன்னால் சிரிக்காதீர்கள். கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.