கிராபிக்ஸ் காட்: வோல்டேஜும் சூடும் வந்த கதை



போன கிழமை பள்ளிக்கூட கேட்டடியில் ஒரு வாப்பா எங்களை மறித்தார். மகன் ஓ.எல். எழுதி முடித்துவிட்டான், கேம் விளையாட கிராபிக்ஸ் காட் ஒன்று கேட்கிறானாம். பாவித்த ஆர்.டி.எக்ஸ். 3080 ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். "சேர், எங்கட பக்கம் கரண்ட் கூடக் குறைய வருது. வோல்டேஜ் அடிச்சா எரிஞ்சிடுமா?" என்று கேட்டார். சீட்டு எடுத்த காசு. நின்ற நிலையில் நாங்கள் சொன்ன பதில் எங்களுக்கே திருப்தியில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவரில் வருகிற 230 வோல்ட் நேரே காட்டுக்குள் போவதில்லை. பவர் சப்ளை அதை 12 வோல்ட் ஆக்குகிறது. காட்டில் உள்ள சிறு பாகங்கள் அந்த 12ஐ ஏறத்தாழ 1 வோல்ட்டுக்கு இறக்கி சிப்புக்குக் கொடுக்கின்றன. சூட்டின் வரலாறு முழுக்க அந்த 1 வோல்ட்டில்தான் இருக்கிறது.

1974இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ரொபர்ட் டெனார்டும் கூட இருந்தவர்களும் ஒரு கணக்குப் போட்டார்கள். ட்ரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது வோல்டேஜையும் அதே அளவில் குறைத்தால், ஒரே இடத்தில் எத்தனை ட்ரான்சிஸ்டரை நெருக்கினாலும் சூடு கூடாது. ஏறத்தாழ முப்பது வருடம் உலகம் அந்தக் கணக்கில் ஓடியது. 1993இல் வந்த பென்டியம் 5 வோல்ட்டில் வேலை செய்தது, அடுத்த வருடமே 3.3 வோல்ட் பென்டியம் வந்துவிட்டது. 1996இல் வூடூ காட் வந்தபோது பலவற்றில் மின்விசிறி கிடையாது, சிப்பின் மேல் ஒரு அலுமினியத் துண்டுகூட இல்லை. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

2005ஐ அண்டி அந்தக் கணக்கு உடைந்தது. வோல்டேஜை இன்னும் குறைத்தால் ட்ரான்சிஸ்டர் மூடியிருக்கும்போதும் கரண்ட் கசிந்தது. வோல்டேஜ் 1க்குக் கிட்ட வந்து நின்றுவிட்டது, கம்பனிகளின் போட்டி நிற்கவில்லை. 2003இல் ஜீஃபோர்ஸ் எஃப்.எக்ஸ். 5800 அல்ட்ராவின் மின்விசிறி போட்ட சத்தத்தை என்விடியாவே கேலி செய்து வீடியோ எடுத்தது. 2010இல் ஜி.டி.எக்ஸ். 480 வந்தது: 250 வாட், சூடு 90 பாகைக்கு மேல்.

ஆனால் வாங்குபவர் கவனிக்க வேண்டியது 2008இல் நடந்தது. லெப்டொப்களில் இருந்த என்விடியா சிப்கள் வரிசையாகச் செத்தன. திருத்தச் செலவுக்காக 150 முதல் 200 மில்லியன் டொலர் வரை ஒதுக்குவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. சிப்பின் அடியில் இருக்கும் நுண்ணிய ஈயப் பற்றுகள், சூடாகி ஆறி, மறுபடி சூடாகி வெடித்ததே பிரச்சினை. அப்படிச் செத்த காட்டை அவனில் வைத்துச் சுடுகிற வைத்தியம் பிறகு பரவியது. சில நாள் உயிர் வரும், பிறகு மையத்துதான். பாவித்த காட் விற்பவர் "இப்பதான் ரிப்பேர் பண்ணினது" என்றால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் நல்ல காலமும் இருந்தது. 2014இல் ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ. வெறும் 60 வாட்டில் ஓடியது, தனி வயரே தேவைப்படவில்லை. 2016இல் 1060 வந்தது, 120 வாட். அதற்குப் பிறகு மறுபடி ஏற்றம்தான். 3080க்கு 320 வாட். 2022இல் வந்த 4090க்கு 450 வாட், சிலரது வயர்முனை உருகியே போனது. 2025இல் 5090 வந்தபோது 575 வாட். வீட்டில் ஏழெட்டு சீலிங் ஃபேன் ஒன்றாகச் சுற்றுகிற கணக்கு.

2022 செப்டம்பரில் எதேரியம் நாணயத்தை காட் வைத்துத் தோண்டுகிற முறை நின்றது. தோண்டியவர்கள் காட்களைச் சந்தையில் கொட்டினார்கள். அவையெல்லாம் பாழ் என்று சொல்வது அநியாயம். கரண்ட் பில்லுக்குப் பயந்து பலர் வோல்டேஜைக் குறைத்தே ஓட்டினார்கள். சிப் நன்றாக இருக்கலாம், ஆனால் மின்விசிறியும், உள்ளே பூசிய பேஸ்டும், மெமரியின் மேலுள்ள பேடும் தேய்ந்திருக்கும்.

வோல்டேஜைக் குறைப்பது நாமும் வீட்டில் செய்யக்கூடியது. சிப்பின் சூடு வோல்டேஜின் வர்க்கத்தோடு கூடும். பத்து வீதம் குறைத்தால் 0.9 தர 0.9, அதாவது 0.81. சூட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். பலவீனமான சிப்பும் ஓட வேண்டும் என்று தொழிற்சாலையில் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கூட வைத்தே அனுப்புகிறார்கள். ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பாருங்கள். இறுகி நின்றால் ஒரு படி ஏற்றுங்கள். ஏ.எம்.டி. காட்டுக்கு அவர்களின் மென்பொருளிலேயே இந்த வசதி இருக்கிறது.

காசு கொடுக்க முன் கடையிலேயே இருபது நிமிடம் கேம் ஓட்டிச் சூட்டைப் பாருங்கள். கடையில் ஏ.சீ. 22 பாகை, நம் வீட்டறை 32. அந்தப் பத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி வாப்பாவின் கேள்வி. கூடக் குறைய வருகிற கரண்டை முதலில் தாங்குவது பவர் சப்ளை. அது மட்டமானதாக இருந்தால் போகும்போது காட்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். யூ.பி.எஸ்.இல் 650 வீ.ஏ. என்று இருப்பது 650 வாட் அல்ல, பெரும்பாலும் 360, 390 வாட்தான்.

அவர் மகனின் பவர் சப்ளை 450 வாட். 3080க்கு என்விடியா சொல்வது 750. அந்த காட் வேண்டாம், 120 வாட் அளவில் ஒன்று தேடுவோம் என்று நேற்று போன் எடுத்துச் சொன்னோம். மகனுக்கு முகம் சுருங்கிவிட்டதாம். இன்ஷா அல்லாஹ் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மூவருமாகக் கடைக்குப் போகிறோம்.