மிச்சப் பணத்தில் பிறந்த பல்கலைக்கழகம்

லாபம் வேறு, மிச்சப் பணம் வேறு. விற்ற சரக்குக்குக் காசு வராமலே ஏட்டில் லாபம் காட்டிவிடலாம். கைக்கு வந்த பணத்தில் சம்பளம், வட்டி, வரி, தொழிலுக்குத் திரும்பப் போட வேண்டிய முதல் எல்லாம் போய்ப் பெட்டியில் கிடப்பதுதான் மிச்சப் பணம். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ கேஷ் ஃப்ளோ'.    கடல் கடந்து கிட்டங்கி என்ற பொதுக் கூடத்தில் தொழில் செய்த நகரத்தார் என்னும் செட்டியார்களுக்கு ஆளுக்கொரு பெட்டிதான் அலுவலகம்.

இந்த மிச்சம் நிர்வாகிகள் கையில் தங்கினால் வீண் திட்டங்களில் கரையும், பங்குதாரர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று 1986-இல் மைக்கேல் ஜென்சன் என்ற அமெரிக்க அறிஞர் எழுதினார். நகரத்தார் பேரேட்டில் அதற்கு முன்பே ஒரு வழி இருந்தது. வருவாயில் ஒரு பங்கை மகமை என்று தனிக் கணக்கில் ஒதுக்குவார்கள். கோயில் திருப்பணியும் வேத பாடசாலையும் அந்தக் கணக்கில் நடந்தன.

கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் அந்த மரபில் வந்தவர். சிதம்பரத்தில் 1920-இல் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பிறகு தமிழுக்கும் வடமொழிக்கும் கல்லூரிகள் எழுந்தன. அவற்றோடு 20 லட்சம் ரூபாயையும் கொடுத்தார். 1928-இல் சட்டம் நிறைவேறி, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது.

அந்த ஆண்டைக் கவனியுங்கள். 1930-இல் உலக மந்தம், செட்டியார்கள் கடன் கொடுத்து வந்த பர்மாவைத் தாக்கியது. நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய உழவர்களால் கட்ட முடியவில்லை, ஈடு வைத்த நிலம் ஏராளமாகச் செட்டியார்கள் பெயருக்கு மாறியது. நிலம் இழந்த பர்மிய உழவர் பட்ட துயரம் பெரிது. செட்டியார்களுக்கோ ஐந்தொகையில் சொத்து ஏறியது, பெட்டியில் பணம் இல்லை. 1942-இல் ஜப்பானியப் படை வந்தது. பர்மா விடுதலை பெற்ற பின் அந்த நிலங்கள் நாட்டுடைமையாயின. பர்மிய வயலில் சிக்கிய செல்வம் போயிற்று. உண்மையான மிச்சமாக இருந்தபோதே சிதம்பரத்துக்கு வந்த பணம் தலைமுறைகளைப் படிக்க வைத்தது. தமிழ்நாட்டு வணிகர் கொடுத்த கொடைகளில் இதையே நான் முதலில் வைப்பேன்.

மிச்சத்தில் பிறந்த அந்த நிறுவனத்துக்கும் பின்னாளில் பணமுடை வந்தது. தேவைக்கு மேல் ஆட்கள் சேர்ந்து சம்பளச் சுமை தாங்காமல் போக, 2013-இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொண்டது.

கடலூரிலும் சிதம்பரத்திலும் கடை, ஆலை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐந்தொகை போடும்போது லாபத்துக்குக் கீழே இன்னொரு வரி எழுதுங்கள்: கையில் உள்ள பணம் எவ்வளவு, அதில் யாருக்கு என்ன பாக்கி. மகமைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.