எங்கள் விருப்பம் கேட்டது. எங்கள் அபயக்குரல் கேட்கவில்லை

ஒரு சாரன் வாங்குவது பற்றிப் போனில் தேடினால், மறுநாள் முகநூல் முழுக்கச் சாரன் விளம்பரம். நாங்கள் கதைப்பதை இந்தக் கம்பனி ஒட்டுக் கேட்கிறதோ என்று பலரும் கேட்கிறார்கள். அம்பாறை மாவட்டத்து முஸ்லிம்களாகிய எங்களுக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. இவ்வளவு கூர்மையான காது 2018இல் எங்கே போயிருந்தது?

வாடிக்கையாளர் என்ன நினைக்கிறார் என்று வியாபாரி காது கொடுப்பது புதிதல்ல. மருதமுனையில் தறி போட்டவர்களும் கல்முனை பஸாரில் கடை வைத்தவர்களும் எந்த நிறம் ஓடுகிறது, எது தேங்குகிறது என்பதைச் சனங்களின் வாயிலிருந்துதான் அறிந்தார்கள். ஆனால் அந்த வியாபாரி அதே ஊரில் வாழ்ந்தார். கடை வாசலில் சண்டை மூண்டால் அந்தச் சத்தமும் அவருக்குக் கேட்கும். அவரும் இறங்கி வந்தாக வேண்டும்.

முகநூலின் காது அப்படிப்பட்டதல்ல. 2009இல் 'லைக்' பொத்தான் வந்தது. எங்களுக்குப் பிடித்தது எது என்பதை நாங்களே விரலால் அமத்திச் சொல்லத் தொடங்கினோம். 2013இல் ஒனாவோ என்ற நிறுவனத்தை முகநூல் வாங்கியது. ஒனாவோவின் செயலியைப் போட்டவர்கள் போனில் வேறு எந்தெந்தச் செயலிகளைப் பாவிக்கிறார்கள் என்பதை அதன் மூலம் அறிய முடிந்தது. வட்ஸ்அப் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்ற கணக்கும் அதில் இருந்தது. 2014இல் 19 பில்லியன் டொலர் விலை பேசி வட்ஸ்அப்பையும் முகநூல் வாங்கியது. பிரித்தானியப் பாராளுமன்றக் குழு 2018 டிசம்பரில் வெளியிட்ட ஆவணங்களில் இந்தக் கணக்குகளை எல்லோரும் பார்த்தார்கள்.

எங்கள் சொற்களையும் அது எண்ணியது. 2012 ஜனவரியில் ஒரு வாரம், 689,003 பேரிடம் சொல்லாமலே அவர்கள் பார்க்கும் பதிவுகள் மாற்றப்பட்டன. சிலருக்கு மகிழ்ச்சியான பதிவுகளும் சிலருக்குக் கவலையான பதிவுகளும் குறைக்கப்பட்டன. பிறகு அவர்கள் எழுதியவற்றில் மகிழ்ச்சிச் சொல் எத்தனை, கவலைச் சொல் எத்தனை என்று கணினி எண்ணியது. முகநூலை ஆங்கிலத்தில் பாவித்தவர்கள் மட்டுமே இதில் சேர்க்கப்பட்டார்கள். அந்த ஆய்வு வெளியானது 2014 ஜூன் மாதம்.

அதே ஜூன் மாதத்தில்தான் அளுத்கம எரிந்தது. மனிதரின் மனநிலையைச் சொல் சொல்லாக அளந்த கம்பனியின் பக்கங்களில், எங்களுக்கெதிரான வெறுப்பு சிங்களத்தில் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் அந்த செப்டெம்பரிலேயே 20 முகநூல் குழுக்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. எச்சரிக்கை வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நான்கு வருடம் கழித்து அது எங்கள் மாவட்டத்துக்கே வந்தது. முஸ்லிம்கள் சிங்களவரைக் கருவளம் இல்லாமலாக்க மாத்திரை கொடுக்கிறார்கள் என்ற பொய், அம்பாறையில் 23,000 மாத்திரைகள் பிடிபட்டன என்ற கட்டுக்கதையோடு முகநூலில் சுற்றியது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் பரிமாறிய உணவில் ஒரு கட்டி இருந்தது. சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரரைச் சூழ்ந்து நின்று கேள்வி கேட்டார்கள். அவர் பயத்தில் சொன்ன பதிலைப் படம் பிடித்து, குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று பரப்பினார்கள். கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அந்தக் கட்டி வெறும் மாவுதான் என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் சொன்னார். அதற்குள் திகனையும் எரிந்து முடிந்திருந்தது.

அந்த நாட்களில் முகநூலுக்கு முறைப்பாடுகள் போகாமல் இல்லை. முஸ்லிம்களைக் குழந்தை என்றும் பாராமல் கொல்லச் சொன்ன சிங்களப் பதிவொன்றைப் பற்றி முறையிட்டபோது, அது எங்கள் விதிகளை மீறவில்லை என்று நாட்கள் கழித்துப் பதில் வந்ததை, ஏப்ரலில் சிவில் அமைப்புகள் பகிரங்கக் கடிதத்தில் எழுதின. மார்ச் 7இல் அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் தடுத்தது. முகநூல் தடை மார்ச் 15இல் நீங்கியது.

இரண்டே நாளில், மார்ச் 17இல், கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்தது. 8 கோடியே 70 இலட்சம் பேர் வரையானோரின் விபரங்கள் அரசியல் விளம்பரத்துக்காக முறைகேடாக எடுக்கப்பட்டிருக்கலாம் என்று முகநூலே பிறகு சொன்னது. முகநூல் எங்களைப் பற்றி அளவுக்கு மீறி அறிந்து வைத்திருக்கிறது என்று உலகம் கோபப்பட்டது. அதே மாதத்தில், அது எங்களை அறியவே இல்லை என்று நாங்கள் அழுதுகொண்டிருந்தோம். இரண்டும் உண்மைதான். அந்தக் காது விளம்பரக்காரருக்காக வைக்கப்பட்ட காது. காசு தருபவர் அவர். நாங்கள் விற்கப்படும் சரக்கு. எங்கள் விருப்பத்தை அறிய மொழி தேவையில்லை, விரல் அமத்துவது போதும். எங்கள் ஆபத்தை அறியத்தான் சிங்களமும் தமிழும் தெரிந்த மனிதர் தேவை. அந்தச் செலவைக் கம்பனி காலத்தோடு செய்யவில்லை.

2020 மே மாதத்தில் முகநூல் மன்னிப்புக் கேட்டது. தனது தளம் தவறாகப் பாவிக்கப்பட்டதையும், அதனால் மனித உரிமைகள் பாதிக்கப்பட்டதையும் ஏற்றுக்கொண்டது. சிங்களமும் தமிழும் தெரிந்தவர்களை வேலைக்கு எடுத்திருப்பதாகவும் சொன்னது. நல்லது. ஆனால் அம்பாறைக்கும் அந்த மன்னிப்புக்கும் இடையில் இரண்டு வருடம் போயிருந்தது.

பழி முழுவதையும் கம்பனி மீது போட்டுவிட்டு நாங்கள் தூங்கவும் முடியாது. 1915இல் முகநூல் இல்லை, கலவரம் இருந்தது. பொய்யைப் பிறப்பிப்பவன் மனிதன்தான். கம்பனி அதற்குக் கால் கொடுத்தது. செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொன்ன மார்க்கம் எங்களுடையது. ஆகவே மற்றச் சமூகத்தைப் பற்றி எங்கள் குழுக்களில் வரும் 'போர்வர்ட்' செய்திகளுக்கும் அதே அளவுகோல்தான்.

பிள்ளைகளுக்கு நாங்கள் இரண்டு விடயம் கற்றுக் கொடுப்போம். வெறுப்புப் பதிவைக் கண்டால் பகிராமல், திகதியோடு படம் பிடித்து வைத்துவிட்டு முறையிடுவது. அடுத்தது, அயலவனின் மொழியைப் படிப்பது. அம்பாறைக் கடையில் அன்றிரவு நிதானமாக இரண்டு வசனம் சிங்களத்திலோ தமிழிலோ பேசி விளங்கிக்கொள்ள ஒருவர் இருந்திருந்தால், அந்த மாவுக் கட்டி மாவாகவே இருந்திருக்கும்.