கந்தோரும் கக்கூசும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் காலனியச் சுகாதார நிர்வாகம்

1. இரண்டு சொற்கள்

மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியரிடம் இழந்தார்கள். அவர்கள் விட்டுப்போன சொற்களில் இரண்டு இந்தக் கட்டுரைக்குப் போதும். ஒன்று அலுவலகத்தைக் குறிக்கும் கந்தோர், மற்றது கழிப்பறையைக் குறிக்கும் கக்கூசு. இரண்டும் ஒல்லாந்த மொழியிலிருந்து வந்து நம் வாயில் தமிழானவை. பின்வந்த பிரித்தானியரின் சுகாதார ஆட்சியைப் பார்த்தால், கந்தோர் வளர்ந்த அளவுக்குக் கக்கூசு வளரவில்லை என்பது தெரியும். அலட்சியம் என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிடலாம். என் வாதம் வேறு: நிர்வாகம் தன் கடமையை நிலத்தின் எல்லைகளால் அளந்தது, மட்டக்களப்பு நாடோ நீரால் ஆனது.

2. வாவியும் இரு கரைகளும்

வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல்நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாகப் படுவான்கரை. நடுவில் புளியந்தீவு, அதிலே கோட்டை, கோட்டைக்குள் அரசாங்க அதிபரின் கந்தோரான கச்சேரி. துறைமுகம் என்று பேர் இருந்தாலும் முகத்துவாரத்து மணல்மேடு பெரிய கப்பலை உள்ளே விடாது. இலங்கையைச் சுற்றி ஓடிய 'லேடி ஹவ்லொக்', 'லேடி கோர்டன்' நீராவிக் கப்பல்கள் வெளிக்கடலில் நிற்க, ஆட்களும் சரக்கும் வள்ளத்தில் கரைசேர்ந்தன. கொழும்பைப் போல ஒரே வாசலில் நின்று நோயை மறிக்க இங்கே வழியில்லை. தோணி ஒதுங்கும் துறை ஒவ்வொன்றும் வாசல்தான்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். மாரி வெள்ளம் ஏறும்போது அதை வெட்டித் திறப்பார்கள். அடைபட்டிருக்கும் காலத்தில் ஊரழுக்கு வாவியிலேயே தங்கும். எழுவான்கரை மணலில் சில முழம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். மலக்குழியில் இறங்குவது அயல் கிணற்றைத் தேடி வர அதிக நாள் எடுக்காது.

3. சட்டம் கீறிய கோடு

சிவில் வைத்தியத் திணைக்களம் 1858இல் தோன்றியது. 1865ஆம் ஆண்டின் மாநகரசபைச் சட்டம் கொழும்பையும் கண்டியையும் கவனித்தது. மட்டக்களப்புப் போன்ற நடுத்தர ஊர்களுக்கென்று வந்தது 1876ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அது அமைத்த உள்ளூர்ச் சபைகளின் பெயரிலேயே 'சுகாதாரமும் அபிவிருத்தியும்' இருந்தன. தலைவர் அரசாங்க அதிபர். உறுப்பினரில் சிலர் வரியிறுப்போரால் தெரிவானவர்கள். சிறிய பட்டினங்களுக்கு 1892இல் தனிச் சுகாதாரச் சட்டம் வந்தது. எஞ்சிய கிராமங்களை வன்னிமை, உடையார், விதானை என்ற ஊர்த் தலைமைக்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டுவரி அறவிடக்கூடிய இடத்துக்கே துப்புரவு போனது. ஆனால் நோய் வரிப்பட்டியலைப் பார்த்து நடப்பதில்லை. எழுவான்கரையார் வேளாண்மைக்காகத் தோணியேறிப் படுவான்கரைக்குப் போய், அறுவடை முடியும்வரை வயல்வாடியில் கிடந்து, மலேரியாக் காய்ச்சலோடு திரும்புவார்கள். காய்ச்சல் பிடித்த இடம் சபையின் எல்லைக்கு வெளியே. கிடந்து நடுங்கிய இடம் உள்ளே. 1940களின் நடுப்பகுதியில் நுளம்பைக் கொல்லும் டீ.டீ.ரீ. தெளிப்பு வந்தபோதுதான் அரசு இந்த எல்லைக்கோட்டைத் தாண்டி வீட்டுச் சுவர்வரை வந்தது எனலாம்.

4. அம்மாளும் அம்மைப்பாலும்

பெரியம்மையைத் தடுக்கும் அம்மைப்பால் இலங்கைக்கு 1802இல் வந்தது. 1886ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. தொடக்ககாலத்தில் அம்மைப்பாலை ஒரு பிள்ளையின் கையிலிருந்து எடுத்து இன்னொரு பிள்ளையின் கையில் குத்துவார்கள். யாருடைய பிள்ளை, எந்தக் குடி என்று தாய் கேட்டிருந்தால் அதை வெறும் மூடத்தனம் என்று தள்ள முடியாது.

வாவிக்கரையில் அந்த நோய்க்குப் பெயரே அம்மாள். கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கு, முடிவில் குளிர்த்தி. வெக்கை ஏறும் மாதத்தில் வெக்கை நோய்களின் தெய்வத்தைக் குளிர்விக்கும் ஏற்பாடு அது. நோயாளி இருக்கும் வீட்டில் வேப்பிலை செருகுவார்கள், தாளிதம் கிடையாது, வேற்றாள் உள்ளே வரமாட்டார். இதைக் காலனிய எழுத்தர் பலர் மூடநம்பிக்கை என்று ஒதுக்கினார்கள். நம்மவர் சிலர் இன்று விஞ்ஞானம் என்று தலையில் தூக்கி வைக்கிறார்கள். இரண்டுக்கும் நான் உடன்படேன். வேப்பிலை பெரியம்மையை ஒழிக்கவில்லை, ஊசிதான் ஒழித்தது. ஆனால் வீட்டு வாசலில் ஆளை மறித்த அந்த வழக்கம், எந்த விதானையும் வந்து செய்ய முடியாத தனிமைப்படுத்தலைச் செலவில்லாமல் செய்தது. அதேவேளை கொள்ளைநோய்க் காலத்தில் வடசேரி, தென்சேரி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து கூடி, கண்ணகைக்காகக் கொம்புகளைக் கோத்து இழுத்துக் கொம்புமுறித்தது. அது நோய்க்கு வழிதிறந்துவிடும் கூட்டம். ஒரே வழிபாட்டுக்குள் இரண்டும் இருந்தன. எதைப் பேணுவது, எதைத் தள்ளிப்போடச் சொல்வது என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை கச்சேரிக்கு இருக்கவில்லை.

5. கதிர்காம வழி

1817இல் வங்காளத்தில் மூண்ட வாந்திபேதி இரண்டாண்டுக்குள் இலங்கையை எட்டியது. அதன்பின் அதிகாரிகளின் சந்தேகம் யாத்திரைகள்மேல் விழுந்தது. மட்டக்களப்பார் கதிர்காமத்துக்கு நடக்கும் வழி திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று கரையோரமாகப் போய்க் குமணக் காட்டுக்குள் நுழையும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாத்திரிகர் தொகையை அனுமதிச் சீட்டால் கட்டுப்படுத்தினார்கள். பிற்காலத்தில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப், அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது கதிர்காமத் திருவிழாவை நேரில் நின்று கண்காணித்தவர். 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புச் சட்டம் இவ்வகை அதிகாரத்துக்கு மேலும் பலம் தந்தது. வழிநெடுக நல்ல கிணறு வெட்டுவதைவிடச் சீட்டு அச்சடிப்பது மலிவு.

6. மாந்தீவு

ஒல்லாந்தர் 1708இல் கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் தொழுநோயாளர் இல்லம் அமைத்தார்கள். 1901ஆம் ஆண்டுச் சட்டம் தொழுநோயாளரைக் கட்டாயமாக ஒதுக்கிவைக்க இடம்கொடுத்தது. 1920களின் தொடக்கத்தில் மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கும் மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலை வந்தது. காலனிய நிர்வாகம் வாவியைத் தன் கருவியாக எடுத்தாண்டது இங்கேதான், அதுவும் வேலியாக. பிறரிடமிருந்து நோயாளியைப் பிரிக்கத் தண்ணீரின் குணம் நன்றாகத் தெரிந்திருந்தது. கிணற்றையும் குழியையும் பிரிக்கும் கணக்குக்கு அந்த அறிவு வந்து சேரவில்லை.

7. வாளி சுமந்தவர்கள்

இலங்கை நகரங்களின் வாளிக் கக்கூசுகளைச் சுத்தம்செய்யத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரைக் கொண்டுவந்தார்கள். நகரத்தின் மிகத் தேவையான வேலையைச் செய்த அவர்களுக்குச் சபைகள் கொடுத்தது ஒதுக்குப்புறத்து லயம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரின் பிரஜாவுரிமையைப் பறித்தபோது இவர்களும் அகப்பட்டார்கள். சுகாதார நிர்வாகத்தின் வரலாறு எழுதுவோர் சட்ட இலக்கங்களை அடுக்கிவிட்டு இந்த மனிதரை ஒரு வரியில் கடப்பதுண்டு. என் கட்டுரையும் அந்தக் குறையிலிருந்து முழுக்கத் தப்பவில்லை.

வாளி போய்க் குழி வந்தது. மற்ற வசதிகளும் ஒவ்வொன்றாக வந்தன: கல்லடிப் பாலம் 1924இல், புகையிரதம் 1928இல், மண்முனைப் பாலம் 2014இல். உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் வருகிறது. நகர் முழுமைக்குமான நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் மட்டும் இன்னும் இல்லை. புளியந்தீவில் வீட்டுக்கு வீடு குழிதான்.