எஸ். பத்மாவதி

சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி (20 ஜூன் 1917 – 29 ஆகஸ்ட் 2020) இந்தியாவின் முதல் பெண் இதயநோய் மருத்துவர். அடுப்புப் புகை நுரையீரலைக் கெடுத்து, அதன் வழியே இதயத்தையும் பழுதாக்குவதை டில்லி நோயாளிகளிடம் ஆராய்ந்த முன்னோடி.

கல்வியும் பணியும்

பர்மாவில் மக்வே ஊரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, ரங்கூனில் மருத்துவம் பயின்றார். ஜப்பானியப் படையெடுப்பால் 1942இல் குடும்பத்துப் பெண்களுடன் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தார். போருக்குப் பின் லண்டனில் உயர்கல்வி முடித்து, அமெரிக்காவில் ஹெலன் டாசிக், பால் டட்லி ஒயிட் ஆகியோரிடம் இதயநோயியல் கற்றார். 1953இல் டில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

புகை ஆய்வு

கால் வீங்கி, கழுத்துச் சிரை புடைத்து, உதடு நீலம் பாரித்து வருவது நுரையீரல்வழி இதய நோயின் முற்றிய நிலை. நெடுநாள் இருமலும் மூச்சிரைப்பும் தரும் நோய் நுரையீரலைச் சிதைக்க, இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. நுரையீரல் இரத்தக்குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தை எதிர்த்து இரத்தத்தைத் தள்ளும் இதயத்தின் வலது கீழறை முதலில் தடித்து, பிறகு தளர்கிறது.

இத்தகைய 127 நோயாளிகளைப் பற்றி பத்மாவதியும் எஸ். என். பாடக்கும் எழுதிய கட்டுரை 1959இல் ‘சர்க்குலேஷன்’ இதழில் வெளிவந்தது. மேலைநாடுகளில் பெரும்பாலும் புகைபிடிக்கும் ஆண்களின் நோயாக அறியப்பட்டது, டில்லியில் புகையிலையைத் தொடாத பெண்களையும் வாட்டியது. அவர்கள் சிறு வயதிலிருந்தே வறட்டியும் விறகும் எரியும் அடுப்பின் முன் குந்தி, குழலால் ஊதிச் சமைத்தவர்கள். ஊதி முடித்து இழுக்கும் மூச்சில் புகையே உள்ளே போகும். வீட்டு வேலை என்று எவரும் கணக்கில் கொள்ளாத உழைப்பு, சுரங்கத் தூசியைப் போல உயிரைக் குடிக்கக்கூடியது என்பதை இந்த ஆய்வு உணர்த்தியது. அதுவே இதன் பெருமை.

பின்விளைவு

1980களில் ஆய்வாளர் கிர்க் ஸ்மித் குஜராத் கிராமச் சமையலறைகளின் காற்றை அளந்தார். பின்னர் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியில் கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழ்நாட்டு வீடுகளில் அப்பணியை விரிவாக்கியது. ஏழைப் பெண்களுக்கு எரிவாயு இணைப்பு தரும் உஜ்வலா திட்டம் 2016இல் தொடங்கியது.

இன்று டில்லியில் பெரும்பாலோர் எரிவாயுவில் சமைக்கிறார்கள். ஆனால் குளிர்காலத்தில் தெருக்காற்றிலேயே நுண்துகள் மிகுகிறது. சிலிண்டர் வாங்கப் பணமில்லாத வீடுகள் இன்னும் விறகுக்குத் திரும்புகின்றன.

சிறப்புகள்

அகில இந்திய இதய அறக்கட்டளையை 1962இலும், தேசிய இதய நிறுவனத்தை 1981இலும் நிறுவினார். பத்ம பூஷண் (1967), பத்ம விபூஷண் (1992) பெற்றார். கோவிட் தொற்றால் 103ஆம் வயதில் டில்லியில் காலமானார்.